புது முட்டி ரெடி, கடற்கரைக்கு எப்போது? ஆபரேஷனுக்குப் பின் 90 நாள் போராட்டம்!

முட்டி மாற்று ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் பழையபடி கடற்கரைக்கும் பூங்காவுக்கும் நடந்து போக முடியுமா? கோவில் குளம் சுற்ற முடியுமா? முடியும். ஆனால் அதை முடிவு செய்வது ஆபரேஷன் தியேட்டரில் ஆகும் 2 மணி நேரம் மட்டும் அல்ல. அதற்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் கழியும் 90 நாளில்தான் விஷயமே இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஆளையே காணோம்!

விடியற்காலை 5 மணிக்கு மெரினா கடற்கரைக்குப் போனால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். 1884-ம் ஆண்டு கவர்னர் கிராண்ட் டப் போட்டுக் கொடுத்த உலாவும் பாதை அது. பென்ஷன் வாங்குகிறவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகும் பாட்டிமார்கள் என்று பலரும் வருவார்கள். 4 பேர், 5 பேராகச் சேர்ந்து நடப்பார்கள். நடை முடிந்ததும் டீ. டீ முடிந்ததும் ஊர்க்கதை.

அந்தக் கூட்டத்தில் திடீரென்று ஒருவர் வரமாட்டார். ஒரு வாரம் கழித்து யாராவது போன் செய்வார்கள்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"முட்டி மக்கர் பண்ணுதுப்பா. மாடியை விட்டு இறங்கவே முடியலை."

அதோடு சரி. நடை போச்சு, டீ போச்சு, சினேகிதமும் மெல்ல மெல்லப் போச்சு. முட்டி வலி ஒரு மனுஷனிடம் இருந்து பறிப்பது நடையை மட்டும் அல்ல. அதனால்தான் டாக்டரிடம் போகிற பலர், "வலி போகுமா?" என்று கேட்ட கையோடு, "மறுபடி பீச்சுக்குப் போகலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

முட்டியை வெட்டி எடுப்பார்களா?

ஆபரேஷன் என்றதும் பாதிப் பேருக்கு ஒரு பயம். முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு இரும்பு முட்டி வைத்து விடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

தொடை எலும்பின் அடி முனையும், கால் எலும்பின் மேல் முனையும் சேரும் இடம்தான் முழங்கால் மூட்டு. இரண்டு முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தி இருக்கும். வயது, உடம்பு எடை, பழைய அடி, பரம்பரை என்று பல காரணங்களால் அது தேய்கிறது. தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அதுதான் உயிர் போகிற வலி. நாளாக ஆகக் கால் வளைந்தும் போகும்.

ஆபரேஷனில் டாக்டர்கள் செய்வது, தேய்ந்த முனைகளைச் சுமார் ஒரு செண்டி மீட்டர் அளவுக்குச் சீவி எடுப்பது. பிறகு உலோக மூடி போடுவது. பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் உலோகம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள். பல் டாக்டர் சொத்தைப் பல்லைச் சீவி விட்டுத் தொப்பி போடுகிறார் அல்லவா? அதே மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1968-ம் ஆண்டு இங்கிலாந்தில் கன்ஸ்டன் என்ற கனடா நாட்டு டாக்டர் இந்த வகை ஆபரேஷனுக்கு வழி காட்டினார். 1974-ல் நியூயார்க்கில் டாக்டர்கள் இன்சால், ரணாவத் ஆகியோர் இன்ஜினீயர் வாக்கருடன் சேர்ந்து வடிவமைத்த மூட்டுதான் இன்று வரை போடப்படும் மூட்டுகளுக்கு முன்மாதிரி.

இதில் ரணாவத் நம் நாட்டில் பிறந்தவர். பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு முட்டியையும், 2001 ஜூனில் இன்னொரு முட்டியையும் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் மாற்றியவர் அவரே. "பிரதமரே பண்ணிக்கிட்டாரு" என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் அடிபட்டது.

மறுநாளே நடக்கணும்!

ஆபரேஷன் முடிந்த அன்றே, அல்லது மறுநாள் காலையில், நர்சு வந்து எழுப்புவார். "அம்மா, எழுந்திருங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடங்க" என்பார்.

கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பதறிப் போவார்கள். "நேத்துதானே கத்தி வச்சீங்க?" என்று சண்டைக்கும் போவார்கள்.

காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் உண்டு. நுரையீரலில் சளி கட்டும். தசை வற்றும். புது மூட்டு முதல் நாளே உடம்பைத் தாங்கக் கூடியது. தாங்காமல் தவிப்பது தொடைச் சதைதான். அதைப் பழக்க வேண்டும்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். இனிமேல்தான் கதையே ஆரம்பம்.

குற்றவாளி தலையணை

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் முதல் 'குற்றம்' எது தெரியுமா? முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது!

முட்டியை லேசாக மடக்கி, அடியில் தலையணை செருகினால் சுகமாகத்தான் இருக்கும். வலி குறையும். அப்படியே தூங்கி விடலாம். ஆனால் அதே நிலையில் மூட்டு இறுகிப் போகும். பிறகு கால் நேராக நீளாது. நீளாத காலோடு நடந்தால் நொண்டல் நிலைத்து விடும்.

மடங்குவது எவ்வளவு முக்கியமோ, முழுசாக நீட்டுவதும் அவ்வளவு முக்கியம். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டியின் பின்பக்கம் தொங்கி, தானாகவே நீளும். வலிக்கும். வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பாசம் செய்யும் கெடுதல்

அடுத்த எதிரி, பாசம்.

"அத்தை, நீங்க எழுந்திரிக்காதீங்க. தண்ணி நானே கொண்டாரேன்" என்பாள் மருமகள். "பாட்டி, டி.வி. ரிமோட் இந்தாங்க" என்பான் பேரன். மகன் ஒரு பெல்லை வாங்கிக் கட்டில் பக்கத்தில் மாட்டி விடுவான். பாட்டி பெல் அடித்தால் வீடே ஓடி வரும்.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 6 வாரம் இப்படிப் போனால் பாட்டி கட்டிலோடு சரி. கடற்கரையை டி.வி.யில்தான் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் ஆன இடத்தில் தழும்பு உண்டாகும். தோலுக்கு மேலே தெரியும் தழும்பு ஒன்று. உள்ளே மூட்டைச் சுற்றி உண்டாகும் தழும்பு இன்னொன்று. முதல் 6 வாரம் அது இளசாக இருக்கும். அந்தக் காலத்தில் மடக்கி நீட்டினால் வளைந்து கொடுக்கும். விட்டு விட்டால் முற்றிய முருங்கை மாதிரி நாரேறி விடும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து டாக்டரே முட்டியை மடக்கி விட வேண்டி வரும். அதையும் 3 மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

ஆகவே பாசம் காட்ட வேறு வழி இருக்கிறது. தண்ணீரைக் கொண்டு போய்க் கொடுக்காமல், "வாங்க அத்தை, அடுப்படி வரைக்கும் நடந்து போய்க் குடிச்சுட்டு வரலாம்" என்று கூடவே நடக்கலாம். அந்த மருமகள்தான் அத்தையைக் கடற்கரைக்கு அனுப்பி வைக்கிறவள்.

என்ன பயிற்சி?

பயிற்சிக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு துண்டு, ஒரு நாற்காலி போதும்.

படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது முதல் பயிற்சி. ரத்தம் உறையாமல் இருக்க உதவும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி 5 எண்ணுவது இரண்டாவது. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி மெல்ல இழுத்து முட்டியை மடக்குவது மூன்றாவது. காலை நேராக நீட்டி ஒரு சாண் உயரம் தூக்குவது நான்காவது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது அதற்கு அடுத்த கட்டம்.

ஒரே தடவையில் ஒரு மணி நேரம் செய்து விட்டுப் படுப்பதை விட, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பல தடவை செய்வது மேல். செய்து முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைத்தால் வீக்கம் தணியும். ஐசை நேராகத் தோலில் வைக்கக் கூடாது.

வலி மாத்திரை சாப்பிட்டால் பழகி விடும் என்று பயந்து நிறுத்தி விடுகிறவர்கள் பலர். வலியோடு யாராலும் முட்டியை மடக்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு, அரை மணி கழித்துப் பயிற்சி செய்வதுதான் வழி.

எத்தனை டிகிரி மடங்கினால் என்ன செய்யலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சமதரையில் நடக்க 65 டிகிரி போல மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்கச் சுமார் 90 வேண்டும். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து எழ 100-க்கு மேல் வேண்டும். குந்தி உட்கார 130-ம் தாண்ட வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது 110 முதல் 120 வரை. ஆகவே நடக்கலாம், படி ஏறலாம். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதையும், குந்தி உட்காரும் கக்கூசையும் மறந்து விடச் சொல்கிறார்கள் டாக்டர்கள். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் உட்காரும் கக்கூஸ் போட்டு, பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பியும் வைத்து விடுவது புத்திசாலித்தனம்.

"ஏண்டா பண்ணிக்கிட்டோம்?"

3-வது, 4-வது வாரத்தில் ஒரு சோர்வு வரும். ராத்திரி தூக்கம் வராது. முட்டி சூடாக இருக்கும். வீங்கி இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருக்கும். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். "நல்லா இருந்த காலை ஏண்டா வெட்டிக்கிட்டோம்?" என்று அழுகிறவர்களும் உண்டு.

இவை எல்லாம் பெரும்பாலும் சகஜம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக் கொள்ளும் சத்தம்தான் அந்த 'டக் டக்'. வீக்கம் முழுசாக வடியச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம் வரை கூட ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் 4 வாரத்தில் கம்பைத் தூக்கிப் போட்டார் என்பதற்காக நீங்களும் போட வேண்டியது இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் "நினைச்ச அளவுக்குத் திருப்தி இல்லை" என்கிறார். 20 வயதுக் கால் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். வலியில்லாமல் நடக்க வேண்டும் என்று போகிறவருக்குத்தான் இது வரப்பிரசாதம்.

அபாய அறிகுறிகள்

சிலவற்றைச் சகஜம் என்று விட்டு விடக் கூடாது.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். காய்ச்சல், புண்ணில் நீர் வடிதல், சிவந்து போதல் இருந்தால் கிருமி தொற்றியிருக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆபரேஷனுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்து விட வேண்டும்.

"எண்ணெய் போட்டு நீவி விட்டால் ஒரே வாரத்தில் ஓடலாம்" என்று சொல்லிக் கொண்டு சிலர் வீடு தேடி வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பி விடுவது நல்லது. ரத்தக் கட்டி இருக்கும் கெண்டைக்காலை நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே உலை வைத்து விடும்.

வாசலைத் தாண்டி...

வாக்கரில் தொடங்கி, 3 முதல் 6 வாரத்தில் பலரும் கைத்தடிக்கு மாறுகிறார்கள். கைத்தடியை ஆபரேஷன் ஆன காலின் பக்கம் பிடிக்கக் கூடாது. எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கையில் தடி.

மாடிப்படிக்கு ஒரு சூத்திரம் உண்டு. மேலே போக நல்ல கால் முதலில். கீழே இறங்க ஆபரேஷன் கால் முதலில். இதை மறந்தவர்கள்தான் படியில் தடுமாறுகிறார்கள்.

6 வாரம் ஆனதும் தெருமுனை வரை. பிறகு பூங்கா. பூங்காவில் தரை சமமாக இருக்கும். 50 அடிக்கு ஒரு பெஞ்சு இருக்கும். வண்டித் தொல்லை இல்லை. மயிலாப்பூர் லஸ்சில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நேரத்தில் எத்தனையோ பேர் இப்படிப் பழகுகிறார்கள். அமிர்தாஞ்சன் வலித் தைலத்தை 1893-ல் ஆரம்பித்தவர் பெயரில் உள்ள பூங்கா அது. அந்தத் தைலத்தை வருஷக்கணக்கில் முட்டியில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனவர்கள், அவர் பெயர் உள்ள பூங்காவிலேயே நடை பழகுகிறார்கள்!

முதலில் 5 நிமிடம். மறுநாள் முட்டி வீங்காவிட்டால் 7 நிமிடம். வீங்கினால் ஒரு நாள் ஓய்வு எடுத்துவிட்டுப் பழையபடி 5 நிமிடம். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை மறுநாள் காலை முட்டியே சொல்லி விடும்.

மணலில் நடக்கலாமா?

2 முதல் 3 மாதத்தில் கடற்கரை உலாவும் பாதையில் நடக்கலாம். ஆனால் உடனே மணலில் இறங்கக் கூடாது. காய்ந்த மணலில் கால் புதையும், முட்டி பக்கவாட்டில் முறுக்கும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அதில் ஒரே பக்கமாக நெடுந்தூரம் போகாமல், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். கையில் தடி இருப்பது நல்லது.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளை இடுப்பு உயர மேடையில் தூக்கி வைத்து விட்டால் குனிந்து மண்டி போடும் வேலை இல்லை. மண்டி போட்டால் மூட்டு உடைந்து விடாது. ஆனால் பலருக்கும் அது சுகப்படுவதில்லை. டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பறவை பார்க்கிறவர்களுக்கு வேடந்தாங்கல் ஏரிக்கரை நல்ல இடம். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். கரை சமமாக இருக்கும். சுமார் 80 கிலோ மீட்டர் பயணத்தில்தான் கவனம் வேண்டும். மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, இறங்கி, நாலு அடி நடக்க வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோ மீட்டர். அதற்கு அவசரப்படக் கூடாது. 6 மாதத்துக்குப் பிறகு, டாக்டர் சரி என்றால் போகலாம். பவுர்ணமிக் கூட்டத்தில் இடிபடாமல் சாதாரண நாளில், உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மலைக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறுவதை விட இறங்குவதில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம். 60 கிலோ எடை உள்ளவர் படி இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் 180 கிலோவுக்கும் மேலே. திருத்தணியில் 365 படி. வண்டிப் பாதையும் இருக்கிறது. ஆசைக்குக் கொஞ்சம் ஏறிவிட்டு, இறங்கும்போது வண்டியில் வந்தால் முருகன் கோபித்துக் கொள்ளப் போவதில்லை.

நீச்சல், சைக்கிள், இரண்டு இரண்டு பேராக மெல்ல ஆடும் டென்னிஸ் எல்லாம் கூடும். ஓட்டம், குதிப்பு, கால்பந்து கூடாது. அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 2010-ல் இரண்டு முட்டியையும் மாற்றிக் கொண்டு மறுபடியும் பந்தடித்தார்.

பயிற்சி கிடைப்பதும், போட்ட மூட்டு நீடிப்பதும் பார்த்தால் நம்பிக்கை வரும். 25 வருஷம் ஆன பிறகும் 100-ல் 82 மூட்டு அப்படியே உழைப்பதாக 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி சொல்கிறது.

மெட்ரோ ரெயில் நிலையத்தில் சோதனை வாசலைத் தாண்டும்போது சிலருக்கு 'பீப்' சத்தம் வரும். "பையில என்ன தாத்தா?" என்பார் காவலர். "பையில ஒண்ணும் இல்லை தம்பி. முட்டியில!" என்று வேஷ்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினால் விஷயம் முடிந்தது.

பணத்துக்கு எங்கே போவது?

ஒரு காலத்தில் இது பணக்காரர் ஆபரேஷன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54 ஆயிரத்து 720 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தியேட்டர், ரூம், டாக்டர் செலவெல்லாம் இதில் சேராது.

அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. கார்டு இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்ட்டரில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிச் செலவு செய்து விட்டு, பயிற்சி டாக்டருக்குப் பணம் இல்லை என்று விட்டு விடுவதுதான் பரிதாபம். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாடிக் குடியிருப்பில் ஆட்டோ வைத்து வாரம் 3 தடவை போய் வர யாரால் முடியும்? அரசு பெரிய ஆஸ்பத்திரிகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கே.கே.நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

பிளாட்பாரம் எங்கே?

இத்தனையும் செய்து, கைத்தடியோடு தெருவில் இறங்குகிறவருக்குக் கடைசிச் சோதனை காத்திருக்கிறது. அதுதான் பிளாட்பாரம்!

பிளாட்பாரம் தரையிலிருந்து 15 செண்டி மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடப்பதற்கு 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது. சென்னையில் பல தெருக்களில் பிளாட்பாரம் முழங்கால் உயரம் இருக்கிறது. இறங்கி ஏற வாட்டம் இல்லை. டிரான்ஸ்பார்மர், மின் பெட்டி, மோட்டார் சைக்கிள், ஓட்டல் விறகு, கழிவுநீர்க் குழி எல்லாம் அதன் மேலேதான். முட்டி மாற்றியவர் என்ன செய்வார்? ரோட்டில் இறங்கி நடப்பார். பின்னால் இருந்து ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும். பதறித் திரும்பினால் போச்சு, புது முட்டி.

நல்ல காரியங்களும் நடக்காமல் இல்லை. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். 2022 நவம்பர் 27-ந் தேதி மெரினாவில் விவேகானந்தர் இல்லம் எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை திறந்தார்கள். மாற்றுத் திறனாளிகளும் வயதானவர்களும் மணலில் கால் வைக்காமலேயே அலை வரை போகலாம். திறந்து 2 வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு பழுது பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பஸ்களை ஓட விட்டார்கள். நிறுத்தத்தில் பிளாட்பாரத்தின் பக்கமாகச் சாய்ந்து தாழும் பஸ்கள் அவை. முட்டி மடங்காதவருக்காகப் பஸ்சே முட்டி போடுகிறது என்று வைத்துக் கொள்ளலாம்!

ஆனால் வீட்டு வாசலுக்கும் அந்த பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் உள்ள அரை பர்லாங்கு தூரத்தை யார் சரி செய்வது? அங்கேதான் வயதானவர்கள் விழுகிறார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே வீட்டுக்குள் முடங்குகிறவர்கள் அதை விட அதிகம். 90 நாள் பல்லைக் கடித்துச் சம்பாதித்த நடை, ஒரு உடைந்த சிமெண்டுப் பலகைக்கு முன்னால் நின்று விடுகிறது.

மாநகராட்சிக்கு புகார் செய்ய 1913 என்ற போன் நம்பர் இருக்கிறது. உங்கள் தெருவில் பிளாட்பாரம் உடைந்திருந்தால் உடனே போன் செய்து, கொடுக்கும் புகார் எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் வேலை நடக்காவிட்டால் மறுபடி போன் செய்யுங்கள். வார்டு கவுன்சிலரையும் விடாதீர்கள். இன்று உங்கள் முட்டி நன்றாக இருக்கலாம். 60 வயது எல்லோருக்கும் வரும்.